503லிருந்து 278 போனால்: ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரப்போகும் கருத்தாளருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

503 − 278. மூன்றாம் வகுப்புக் கணக்கு. விடை 225. ஆனால் எந்த வகுப்பிலாவது நோட்டுகளை வாங்கிப் புரட்டிப் பாருங்கள். 375 என்று ஒரு விடை இருக்கும், 275 என்று ஒன்று இருக்கும், 235 என்று இன்னொன்று இருக்கும். மூன்றும் தப்புதான், ஆனால் மூன்றும் ஒரே தப்பு இல்லை.

375 போட்ட குழந்தை ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழித்திருக்கிறது. 8இல் 3 போனால் 5, 7இல் 0 போனால் 7, 5இல் 2 போனால் 3. மேலே எது, கீழே எது என்ற கவலையே அதற்கு இல்லை. 275 போட்ட குழந்தைக்குக் கடன் வாங்கத் தெரியும். நடுவில் பூஜ்யம் இருந்ததால் அதைத் தாண்டி நேராக 5இடம் போய் வாங்கிவிட்டது, பூஜ்யத்துக்குக் கீழே இருந்த 7ஐ அப்படியே இறக்கி எழுதிவிட்டது. 235 போட்ட குழந்தை கிட்டத்தட்ட முடித்துவிட்டது. பூஜ்யத்துக்குப் பத்து வாங்கிக் கொடுத்தது, அந்தப் பத்திலிருந்து ஒன்று ஒன்றாம் இடத்துக்குப் போய்விட்டதை மட்டும் மறந்துவிட்டது. குழந்தைகளின் கழித்தல் பிழைகளுக்குள் இப்படி ஓர் ஒழுங்கு இருப்பதை 1978லேயே பிரவுன், பர்ட்டன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள்.

இந்த மூன்று விடைகளுக்கும் சிவப்பு மையில் ஒரே பெருக்கல் குறி போடும் ஆசிரியர், மூன்று குழந்தைகளிடமும் மூன்று விதமாகப் பேசத் தொடங்கினால் பயிற்சி வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம். நான் கருத்தாளராக நின்ற முதல் பயிற்சியில் அப்படி எதுவும் நடக்கவில்லை. புரொஜெக்டர் போட்டு, கற்றல் விளைவுகள், கற்றல் கோட்பாடுகள் என்று நாள் முழுக்கப் பேசினேன். மூன்று வாரம் கழித்து ஒரு பள்ளிக்குப் போனபோது அங்கிருந்த டீச்சர் மரியாதையாகச் சொன்னார்: “நல்லா பேசினீங்க சார். ஆனா திங்கட்கிழமை வகுப்புல நான் எதை மாத்திச் செய்யணும்னுதான் எனக்குப் புரியல.” அந்தக் கேள்வியிலிருந்துதான் நான் பயிற்சி தரக் கற்றுக்கொண்டேன். கீழே இருப்பவை அப்படிக் கற்றுக்கொண்டவை. உதாரணத்துக்குக் கழித்தலை வைத்துக்கொள்கிறேன். உங்கள் பாடம் தமிழ் வாசிப்பாகவோ அறிவியலாகவோ இருந்தால் அதை அந்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. இரண்டு வாரம் முன்பே நோட்டுகளைத் தேடிப் போங்கள்

பயிற்சிக்கான தயாரிப்பு கையேட்டில் தொடங்கக் கூடாது, குழந்தையின் நோட்டில் தொடங்க வேண்டும். பயிற்சிக்கு வரப்போகும் ஆசிரியர்களின் பள்ளிகளில் மூன்று நான்கைத் தேர்ந்தெடுங்கள். அதில் ஒன்று கட்டாயம் ஈராசிரியர் பள்ளியாக இருக்கட்டும். ஒரே அறையில் மூன்று வகுப்பை வைத்துக்கொண்டு நடத்துபவரின் சிரமம் தெரியாமல் நீங்கள் சொல்லும் எந்த யோசனையும் அவரிடம் நிற்காது. தலைமை ஆசிரியரிடம் முதல் நாளே போனில் சொல்லிவிடுங்கள்: குறை பார்க்க வரவில்லை, பயிற்சிக்குத் தேவையான கணக்குத் தாள்களை வாங்க வருகிறேன் என்று.

மூன்றாம், நான்காம் வகுப்புக் குழந்தைகளுக்கு ஐந்தே ஐந்து கணக்கு கொடுங்கள்:

58 − 23
52 − 27
340 − 126
503 − 278
600 − 145

வரிசை முக்கியம். முதலாவதில் பத்தை ஒன்றுகளாக மாற்றவே, அதாவது கடன் வாங்கவே, தேவையில்லை. இரண்டாவதில் ஒருமுறை மாற்ற வேண்டும். மூன்றாவதில் ஒன்றாம் இடத்தில் பூஜ்யம், நான்காவதில் நடுவில் பூஜ்யம், ஐந்தாவதில் இரண்டு பூஜ்யம். குழந்தை எந்தப் படியில் தடுக்கி விழுகிறது என்பது தாளைப் பார்த்ததுமே தெரியும். தாளில் பெயர் எழுத வேண்டாம், மதிப்பெண்ணும் போட வேண்டாம்.

வீட்டுக்கு வந்து தாள்களைத் தரையில் பரப்புங்கள். ஒரே மாதிரித் தப்புகளை ஒரே குவியலாகப் போடுங்கள். அறுபது தாள் இருந்தால் ஒன்றரை மணி நேரம் ஆகும். நான் இதற்கு ஒதுக்கும் நேரத்தை வேறு எதற்காகவும் விட்டுக்கொடுப்பதில்லை, ஏனென்றால் பயிற்சியின் முழு உள்ளடக்கமும் அந்தக் குவியல்களில்தான் இருக்கிறது.

முடிந்தால் இரண்டு மூன்று குழந்தைகளிடம் உட்கார்ந்து, “இதை எப்படிப் போட்டே, எனக்குச் சொல்லு” என்று கேளுங்கள். 275 போட்ட ஒரு சிறுமியிடம் அப்படிக் கேட்டேன். அவள் பென்சில் முனையைப் பூஜ்யத்தின் மேல் வைத்துக்கொண்டு, “பக்கத்து வீட்ல யாருமே இல்ல சார். அதான் அடுத்த வீட்டுக்குப் போயிட்டேன்” என்றாள்.

எவ்வளவு சரியான தர்க்கம்! பக்கத்து வீட்டில் கடன் வாங்கு என்று நாம்தான் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக் கொடுத்துவந்தோம். பக்கத்து வீடு காலியாக இருந்தால் அடுத்த வீட்டுக்குத்தானே போவார்கள்? அந்தச் சிறுமி தப்பாகக் கற்கவில்லை, நாம் சொன்னதை அப்படியே கற்றிருக்கிறாள். எனக்கு அன்று பயிற்சியின் பொருள் கிடைத்துவிட்டது.

2. ஒரே ஒரு பொருளை எடுங்கள்

ஒரு நாள் பயிற்சியில் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் நான்கையும் கூடவே பின்னத்தையும் அளவைகளையும் தொடுவது வீண். கழித்தலில், அதிலும் பூஜ்யம் குறுக்கே வரும் கழித்தலில் மட்டும் ஒரு நாளைச் செலவிடுங்கள். ‘இவ்வளவு சின்ன விஷயத்துக்கா ஒரு நாள்?’ என்று மேலே இருப்பவர்கள் கேட்டால், குவியல்களைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

நோக்கத்தை ஒரு வரியில் எழுதிக்கொள்ளுங்கள். ‘ஆசிரியர்கள் கழித்தல் குறித்த புரிதலைப் பெறுவர்’ என்று எழுதினால் அதை யாராலும் பார்க்க முடியாது. வகுப்பறை வாசலில் நிற்பவர் கண்ணால் பார்க்கக் கூடியதாக எழுதுங்கள். என்னுடையது இது: ‘ஆசிரியர் கடன் வாங்கு என்று சொல்வதற்குப் பதில் சில்லறை மாற்றிக் காட்டுவார், தப்பான விடையைப் பார்த்தால் எப்படிப் போட்டாய் என்று கேட்பார்.’

சில்லறை ஏன்? கடன் வாங்கினால் ஒருவரிடம் குறைகிறது, திருப்பியும் தர வேண்டும். குழந்தை அந்தக் கதையிலேயே சிக்கிக்கொள்கிறது. நூறு ரூபாய்த் தாளைப் பத்துப் பத்து ரூபாயாக மாற்றினால் கையில் இருக்கும் தொகை மாறுவதில்லை, உருவம்தான் மாறுகிறது. 503 ரூபாய் வைத்திருப்பவரிடம் ஐந்து நூறும் மூன்று ஒரு ரூபாய் நாணயங்களும் இருக்கின்றன, பத்து ரூபாய்த் தாள் ஒன்றுகூட இல்லை. முதலில் ஒரு நூறைப் பத்துப் பத்தாக மாற்ற வேண்டும். அப்புறம் அதில் ஒரு பத்தைப் பத்து ஒன்றாக மாற்ற வேண்டும். இப்போது நான்கு நூறு, ஒன்பது பத்து, பதின்மூன்று ஒன்று. பூஜ்யத்தின் தலையில் ஏன் 9 வருகிறது என்பது குழந்தையின் கையிலேயே இருக்கிறது.

இப்படி ஒரு கருத்தை எந்த உவமையால் சொன்னால் குழந்தைக்குப் போய்ச் சேரும், எந்த உவமை எங்கே காலை வாரும் என்று தெரிந்திருப்பது தனி வகை அறிவு. எம்.எஸ்சி. கணிதம் படித்திருந்தால் மட்டும் அது வராது, வகுப்பைக் கட்டுப்படுத்தத் தெரிந்திருந்தால் மட்டும் வராது. 1986இல் லீ ஷுல்மன் என்ற அமெரிக்கக் கல்வியாளர் பாட அறிவுக்கும் பொதுவான கற்பித்தல் அறிவுக்கும் நடுவில் இதற்கென்று தனி இடமும் பெயரும் கொடுத்தார். பணியிலிருக்கும் ஆசிரியர்களுக்கு நாம் சேர்த்துத் தர வேண்டியது பெரும்பாலும் இதைத்தான்.

3. இடமும் ஆட்களும்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். முப்பது பேருக்கு மேல் வேண்டாம். ஒரே பள்ளியிலிருந்து இரண்டு பேராக வரச் செய்யுங்கள். திரும்பிப் போனதும் பேசிக்கொள்ள ஆள் வேண்டும். ஐந்து ஐந்து பேராக வட்டமாக உட்கார வையுங்கள். பருவத் தேர்வுக்கு முந்தைய வாரத்தில் வைக்காதீர்கள். கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்து, அதற்கு ஏற்ற மாதிரி முடியுங்கள். குழந்தைகள் படிக்கும் பள்ளி வளாகத்திலேயே பயிற்சி நடக்க வேண்டும். காரணம் கீழே வருகிறது.

4. பயிற்சி நாள்

காலையில் வரவேற்புரை, திட்ட அறிமுகம் எல்லாம் பத்து நிமிடத்துக்குள் முடியட்டும். உடனே குவியல்களை மேசைகளில் வைத்துவிடுங்கள். குழுவுக்குப் பத்துப் பதினைந்து தாள். கேள்வி ஒன்றுதான்: “இந்தக் குழந்தை மனசுல என்ன கணக்குப் போட்டிருக்கும்?”

இந்த நேரத்தில் வாயைத் திறக்காமல் இருப்பதுதான் கருத்தாளருக்கு மிகக் கஷ்டமான வேலை. விடையைச் சொல்லிவிடக் கை துறுதுறுக்கும். விட்டுவிடுங்கள். முதல் ஐந்து நிமிடம் ‘கவனக்குறைவு’, ‘வீட்டில் படிக்க வைப்பதில்லை’ என்று பேச்சு போகும். அப்புறம் யாராவது ஒருவர் தாளை அருகில் இழுத்து, “இருங்க, இவன் எல்லாக் கணக்குலயும் இதையே செய்றான்” என்பார். அங்கிருந்து அறையின் சத்தமே மாறிவிடும். அந்த ஒரு கண்டுபிடிப்பை ஆசிரியர்களே செய்ய வேண்டும். நீங்கள் செய்து கொடுத்தால் அது நான்கு மணிக்கு உங்களோடு வீட்டுக்குப் போய்விடும்.

அடுத்து, குழந்தையாக இருப்பது எப்படி இருக்கும் என்று அவர்களே உணர வேண்டும். நமக்குக் கழித்தல் கண்ணை மூடிக்கொண்டு வரும், அதனால் அதன் கடினம் நமக்கு மறந்துவிட்டது. ஈர்க்குச்சிகளையும் ரப்பர் பேண்டையும் கொடுத்து, பத்துப் பத்தாகக் கட்டுவதற்குப் பதில் ஐந்து ஐந்தாகக் கட்டச் சொல்லுங்கள். இனி 32 என்றால் மூன்று கட்டும் இரண்டு உதிரியும். அதிலிருந்து 14ஐ, அதாவது ஒரு கட்டும் நான்கு உதிரியும், கழிக்கச் சொல்லுங்கள். முதலில் தாளில், குச்சி இல்லாமல். இருபது வருடம் கணக்கு நடத்தியவர்களும் 18 என்று எழுதுவார்கள். பிறகு குச்சியால் செய்யட்டும். ஒரு கட்டைப் பிரித்தால் ஐந்து உதிரிதான் கிடைக்கும். 2உம் 5உம் 7, நாலு போனால் 3. மிச்சம் ஒரு கட்டும் மூன்று உதிரியும், ஆகவே 13. விரல் விட்டு எண்ணிக்கொண்டு, பக்கத்தில் இருப்பவர் தாளை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு ஆசிரியர்கள் உட்கார்ந்திருக்கும் அந்தக் கால் மணி நேரம், எந்தக் கோட்பாட்டு உரையும் தராத பரிவைத் தரும்.

பதினொன்றரை மணி வாக்கில் மாதிரி வகுப்பு. இதற்காகத்தான் பள்ளி வளாகம் வேண்டும் என்றேன். அந்தப் பள்ளியின் இருபது குழந்தைகளை வைத்து அரை மணி நேரம் நீங்களே நடத்துங்கள். வீடியோ இருக்கிறது என்று தப்பித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வகுப்பிலும் ஏதாவது ஒன்று சரியாக வராது, அது வராமல் போவதை அவர்கள் பார்ப்பது நல்லது. பார்க்கும் ஆசிரியர்களில் ஒவ்வொருவருக்கும் ஒரு குழந்தையை ஒதுக்கிவிடுங்கள்: உங்களைப் பார்க்க வேண்டாம், அந்தக் குழந்தை என்ன செய்கிறது, எங்கே நிற்கிறது என்று மட்டும் எழுதட்டும். ஜப்பானில் ஆசிரியர்கள் கூடி ஒரு பாடத்தைத் திட்டமிட்டு, ஒருவர் நடத்த மற்றவர்கள் குழந்தைகளைக் கவனித்து, பிறகு உட்கார்ந்து அந்தப் பாடத்தையே திருத்தும் வழக்கம் நூறாண்டுக்கும் மேலாக இருக்கிறது. அதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய முதல் விஷயம், பார்வை குழந்தையின் மேல் இருப்பது.

சாப்பாட்டுக்குப் பிறகு ஒத்திகை. பிற்பகலில் உரை வைத்தால் தூக்கம்தான் வரும். மூன்று மூன்று பேராகப் பிரியுங்கள். ஒருவர் ஆசிரியர், ஒருவர் 275 போட்ட குழந்தை, ஒருவர் பார்வையாளர். ஏழு நிமிடம் நடத்த வேண்டும். பிறகு பார்வையாளர் இரண்டே விஷயம் சொல்லலாம்: எந்தக் கேள்வி குழந்தையை யோசிக்க வைத்தது, எந்த இடத்தில் ஆசிரியர் விடையைத் தானே சொல்லிவிட்டார். இடம் மாறி மூன்று சுற்று. இரண்டாம் சுற்றில் முதல் சுற்றைவிட நன்றாக வரும். அந்த முன்னேற்றத்தை அவர்களே பார்க்கும்படி சொல்லிக்காட்டுங்கள்.

கடைசி முக்கால் மணி நேரம், அடுத்த வாரத்தில் எந்த நாளில், எந்தப் பாடவேளையில், எந்தக் கணக்கை வைத்து நடத்தப்போகிறேன் என்று ஒவ்வொருவரும் ஒரு தாளில் எழுத வேண்டும். எண்ணும் எழுத்தும் வகுப்பு, அதாவது குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலை வாரியாகப் பிரித்து நடத்தும் அரசுத் திட்ட வகுப்பு என்றால், அரும்பு நிலைக் குழந்தைக்கு என்ன கொடுப்பேன், மலர் நிலைக்கு என்ன கொடுப்பேன் என்பதும் அதிலேயே வரட்டும். ஒரு பிரதி உங்களிடம்.

5. “இதெல்லாம் எங்க பள்ளியில நடக்காது சார்”

ஒவ்வொரு பயிற்சியிலும் ஒருவர் இதைச் சொல்வார். பெரும்பாலும் அறையிலேயே அதிக அனுபவம் உள்ளவராக இருப்பார். அவரை மடக்கப் பார்க்காதீர்கள். குழந்தைகள் அட்டைகளை வைத்துத் தாங்களே கற்கும் செயல்வழிக் கற்றலோடு இருந்தவர், பிறகு வந்த தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டைப் பார்த்தவர், 2022இல் எண்ணும் எழுத்தும் வந்தபோது கையேட்டைப் புரட்டியவர் அவர். ஒவ்வொரு தடவையும் முன்பு செய்ததைக் கீழே வைக்கச் சொன்னார்கள். அவருடைய சலிப்புக்கு நியாயம் இருக்கிறது.

நான் கேட்பது இதுதான்: “சார், உங்க வகுப்புல எது தடுக்கும்னு நினைக்கிறீங்க?” நாற்பது குழந்தை, ஒரு செட் துணைக்கருவி என்பார். சரி, அப்படியானால் நாற்பது பேருக்கு என்ன செய்யலாம் என்று குழுவையே கேட்பேன். ஒரு முறை அப்படிக் கேட்டபோது, புளியங்கொட்டையை ஒன்றாகவும், தீப்பெட்டியைப் பத்தாகவும், பழைய கல்யாணப் பத்திரிகை உறையை நூறாகவும் வைத்துக்கொள்ளலாம் என்று யோசனை சொன்னவரே அந்தப் பெரியவர்தான். உறையைப் பிரித்தால் பத்துத் தீப்பெட்டி, தீப்பெட்டியைத் திறந்தால் பத்துக் கொட்டை. என் ரூபாய்த் தாளைவிட அது மேல். அன்று முதல் நானும் அதைத்தான் எடுத்துப்போகிறேன்.

6. பள்ளிக்குப் போங்கள்

எல்லோரும் விட்டுவிடும் படி இது. இதை விட்டால் மேலே சொன்ன எதுவும் நிற்காது. 1980இல் புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் ஆசிரியர் பயிற்சியின் கூறுகளை ஐந்தாகப் பிரித்தார்கள்: கோட்பாடு, செய்துகாட்டுதல், ஒத்திகை, பின்னூட்டம், வகுப்பறையில் கூடவே நின்று வழிகாட்டுதல். கற்றது வகுப்பறையில் நிலைக்க ஐந்தாவது வேண்டும் என்பது அவர்கள் வாதம். என் அனுபவமும் அதேதான். பயிற்சியில் அருமையாக ஒத்திகை பார்த்தவர், நாற்பது குழந்தைகள் முன்னால் பழைய வாக்கியத்துக்குத் திரும்பிவிடுவார். அது சோம்பல் இல்லை, பழக்கம்.

இரண்டு வாரத்துக்குள் போய்விடுங்கள். அவர் எழுதிக் கொடுத்த தாளில் உள்ள நாளுக்கே போங்கள், முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். பார்வைப் பதிவேட்டில் குறை எழுதும் வேலையை இதோடு கலக்காதீர்கள். வகுப்புக்கு முன் பத்து நிமிடம் பேசுங்கள்: இன்று நான் எதைக் கவனிக்கட்டும் என்று அவரையே கேளுங்கள். வகுப்பில் கடைசி பெஞ்ச் குழந்தை பக்கத்தில் தரையில் உட்காருங்கள்.

வகுப்பு முடிந்ததும் நீங்கள் சொல்லும் முதல் வாக்கியம் ஆசிரியரைப் பற்றி இருக்கக் கூடாது. குழந்தையைப் பற்றி இருக்கட்டும்.

“டீச்சர், ஜன்னல் ஓரத்துல இருந்த பையன் தீப்பெட்டியத் திறந்து பத்துக் கொட்டையையும் எண்ணிப் பார்த்தான். ஆனா நோட்டுல 275னுதான் எழுதினான்.”

“அப்படியா? கொட்டையில சரியாத்தானே செஞ்சான்?”

“ஆமா. அப்ப எங்க விட்டுப்போச்சுன்னு நினைக்கிறீங்க?”

கொஞ்சம் யோசித்தார். “நான் கொட்டைய மாத்தினப்பவே போர்டுல எழுதல சார். முதல்ல எல்லாத்தையும் செஞ்சுட்டு, அப்புறம்தான் எழுதினேன்.”

இவ்வளவுதான். நான் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு மாற்றத்தையும் கை செய்யும்போதே பலகையிலும் எழுத வேண்டும் என்பதை அவரே கண்டுபிடித்தார், அடுத்த நாளே செய்தும் பார்த்தார். ஒரு சந்திப்புக்கு ஒரு விஷயம் போதும். நான்கு சொன்னால் நான்கும் போய்விடும்.

உங்களால் எல்லாப் பள்ளிக்கும் போக முடியாது. அதனால்தான் இரண்டு இரண்டு பேராக வரச் சொன்னேன். ஒருவர் வகுப்பை மற்றவர் பாதிப் பாடவேளையாவது பார்க்கட்டும். வாட்ஸ்அப் குழுவில் மாலை போடும் போட்டோவுக்குப் பதில், ஒரு குழந்தையின் தப்பான விடையைப் போட்டு ‘இது எப்படி வந்திருக்கும்?’ என்று கேட்கச் சொல்லுங்கள். பெயர் தெரியாமல் மறைத்துப் போட வேண்டும் என்பதை முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

7. மேலிருந்து கையேடு வந்தால்

மாநிலத்தில் தயாராகி, மாவட்டத்தில் கருத்தாளர்களுக்குச் சொல்லி, வட்டாரம் தாண்டி, பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகளுக்கான குறுவளமையத்துக்கு வரும் பயிற்சிதான் நமக்கு வழக்கம். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் நீர்த்துப்போகும். முதலில் கழலுவது செய்துகாட்டுதலும் ஒத்திகையும், கடைசியில் மிஞ்சுவது ஸ்லைடு. கையேட்டை மாற்றும் அதிகாரம் உங்களுக்கு இருக்காது. ஆனால் அதிலுள்ள பத்துச் செயல்பாடுகளில் எதை முழுமையாகச் செய்து பார்ப்பது, எதை வாசித்துக்கொள்ளச் சொல்வது என்று முடிவு செய்யலாம். காலை முதல் மணி நேரத்தில் உங்கள் ஒன்றியக் குழந்தைகளின் தாள்களை வைக்கலாம். அந்த அளவு இடம் எப்போதும் கிடைக்கும்.

தமிழ்நாட்டில் செயல்வழிக் கற்றல் வந்த விதத்தையும் நினைத்துப் பாருங்கள். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் அது தொடங்கியபோது, ஆந்திராவின் ரிஷிவேலி பள்ளிக்குப் போய் அங்கே குழந்தைகள் அட்டைகளோடு தாங்களே கற்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்த ஆசிரியர்கள் அதன் பின்னால் இருந்தார்கள். நான்கு வருடங்களுக்குள் அது மாநிலம் முழுக்கப் போனது. கண்ணால் பார்த்தவருக்கும் காதால் மட்டும் கேட்டவருக்கும் உள்ள வித்தியாசம் பெரியது. உங்கள் ஒன்றியத்தில் ஒரு வகுப்பு நன்றாக நடந்தால், மற்ற ஆசிரியர்களை அங்கே கூட்டிக்கொண்டு போங்கள்.

தேசியக் கல்விக் கொள்கை 2020 ஒரு ஆசிரியருக்கு ஆண்டுக்கு 50 மணி நேரத் தொடர் பணித்திறன் மேம்பாடு என்கிறது. மணிக்கணக்கை நிரப்புவது சுலபம். என்னைக் கேட்டால், அதில் பாதியாவது வகுப்பறைக்குள் கழிய வேண்டும்.

8. வேலை செய்ததா என்று பாருங்கள்

பயிற்சி முடிந்ததும் வாங்கும் பின்னூட்டப் படிவத்தை நம்பாதீர்கள். எல்லோரும் ‘மிகவும் பயனுள்ளது’ என்றுதான் எழுதுவார்கள், அதில் உங்கள் மேல் உள்ள அன்பும் இருக்கிறது, பஸ்ஸுக்கு நேரமானதும் இருக்கிறது.

ஆறு வாரம் கழித்து அதே பள்ளிகளுக்குப் போய், அதே ஐந்து கணக்கைக் கொடுங்கள். எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்: 503 − 278க்குப் பதில் 604 − 357. பூஜ்யத்தின் இடம் மாறக் கூடாது. மறுபடி தரையில் பரப்பிக் குவியல் போடுங்கள். அடுத்த குறுவளமையக் கூட்டத்தில் பழைய குவியலையும் புதிய குவியலையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எந்தப் பள்ளியின் தாள் என்று சொல்லாதீர்கள். ஆசிரியர்களே பேசுவார்கள்.

எங்கள் ஒன்றியத்தில் 375 குவியல் சீக்கிரம் கரைந்தது. 275 மெல்ல இறங்கியது. 235தான் அப்படியே நின்றது. ஒரு உறையைப் பிரிக்கக் குழந்தைகளுக்கு வந்துவிட்டது. அதிலிருந்து வந்த பத்துத் தீப்பெட்டியில் ஒன்றை உடனே திறக்க வேண்டியிருக்கும்போது, மிச்சம் ஒன்பதுதான் என்பதை எழுத மறந்துவிடுகிறார்கள். அடுத்த பயிற்சிக்கு அந்தக் குவியலைத்தான் எடுத்துப்போனோம்.